உரக்கடைக்காரர் சொன்ன எபிஜெனிடிக்ஸ்

எங்கள் ஊர் உரக்கடைக்காரரின் வாயிலிருந்து ‘எபிஜெனிடிக்ஸ்’ என்ற சொல் வெளியே வந்ததை நான் நேரில் நின்று கேட்டேன். யூரியா மூட்டைகளுக்கும் பூச்சிமருந்து அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டே சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது. அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்திருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஏதோ ஒரு சத்துப் பவுடர் கம்பெனி நடத்திய கூட்டத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாகவும் சொன்னார்.

அதைச் சொல்வதற்கு முன் அப்பாவின் ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை. எங்கள் வீட்டில் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். அப்பா உள்ளே போனது ஓட்டுப் போட. அம்மா போனது சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் தேய்க்க. இதை நான் பணிவோடு சொல்வதில்லை. பணிவெல்லாம் வீட்டில் நாலு பேர் படித்திருக்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

கல்லூரியில் எபிஜெனிடிக்ஸ் நடத்தியவர் பழுப்பேறிய நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. பிறகு ஏன் ஒன்று கல்லீரலாகவும் ஒன்று தோலாகவும் ஆகிறது, ஆனது ஏன் மாறாமல் அப்படியே இருக்கிறது? எழுந்து நின்று கேட்டேன். “அது சிலபஸ்ல இல்லம்மா, உக்காரு” என்றார். அதுதான் சிலபஸ். அது மட்டும்தான். வருடக்கணக்காக அதை நடத்திக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு நாளும் தெரியவில்லை. பதிலை நானே தேடிப் படித்தேன். மரபணுவின் எழுத்து எல்லா செல்லிலும் ஒன்றுதான். அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன வேதியியல் அடையாளங்கள்தான் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது அந்த அடையாளங்களும் கூடவே போகின்றன. அதனால்தான் கல்லீரல் செல்லுக்குப் பிறப்பது கல்லீரல் செல்லாகவே இருக்கிறது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்தது. ஐந்தும் வாங்கினேன்.

சித்திரையில் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டத் தஞ்சாவூர் வந்தார். அப்படியே என்னைப் பார்க்க வந்தவர், பல் தேய்த்தால் ரத்தம் வருவதாகவும் வரப்பில் நடந்தால் மூச்சு வாங்குவதாகவும் சொன்னார். அவரை உட்கார வைத்து நானே ரத்தம் எடுத்தேன்.

“கொசு கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கா பாப்பா அஞ்சு வருசம் படிச்ச?” என்றார்.

கருவி எண்ணி முடித்து, வரிக்கு வரி எச்சரிக்கைக் குறி போட்டது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிறவை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. உட்கரு மூன்று நான்காக மடிந்திருக்க வேண்டிய வெள்ளையணுக்களில் மூக்குக்கண்ணாடி போல இரண்டே துண்டு. இன்னும் சில, எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருக்க வேண்டிய குழந்தைச் செல்கள், ஆளாகாமலே வெளியே வந்து அலைந்துகொண்டிருந்தன. அப்பா வெளியே உட்கார்ந்து மோட்டார் கடைக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். நான் நினைத்ததுதான் வந்தது. மஜ்ஜையில் பிறக்கிற செல், தான் என்னவாக ஆக வேண்டும் என்பதை எட்டாமல் பாதியில் நின்றுவிடுகிற நோய். சிலருக்கு மரபணு எழுத்திலேயே பிழை இருக்கும். அதோடு, திறந்திருக்க வேண்டிய மரபணுக்களின் மேல் மூடுகிற அடையாளம், மெத்தில் குரூப் என்று பெயர், அடையடையாக ஏறியிருக்கும். விட்டுவிட்டால் ரத்தப் புற்றாகவும் மாறலாம். அந்த மூடியை மெல்ல எடுக்கிற ஊசி ஒன்று இருக்கிறது.

ரத்தநோய் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு விவரம் சொன்னார். மாதத்துக்கு ஏழு நாள் தொடர்ச்சியாக ஊசி. நான்கிலிருந்து ஆறு மாதம் போட்டால்தான் கேட்கிறதா இல்லையா என்று தெரியும். முதல் இரண்டு மாதம் எண்ணிக்கை இன்னும் இறங்கும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. எல்லாம் இங்கிலீஷில். நானும் இங்கிலீஷிலேயே, இதெல்லாம் படித்திருக்கிறேன் என்றேன். உங்களை மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தால் எனக்கு வேலை சுலபம் என்றார். அது எனக்கு இனித்தது.

வெளியே இரும்பு நாற்காலியில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

“என்ன சொன்னாங்க?”

“மாசம் ஏழு நாள் ஊசி. சரியாயிடும்.”

அவ்வளவுதான் சொன்னேன்.

அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. “நல்லா இருந்த மனுசன். இவ ஊசியக் குத்தி, மிசின்ல போட்டு, இல்லாத நோயக் கூட்டிக்கிட்டு வந்துட்டா” என்று அம்மாவிடம் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

“மிசின் நோய உண்டாக்காது அத்தை.”

“அப்ப அதுல போடறதுக்கு முன்னாடியே இருந்துச்சா? யாராச்சும் பாத்தீங்களா?”

மூடத்தனம் இப்படி மடக்கிக்கொண்டு நிற்கும்போது முதுகலைப் பட்டம் ஒன்றுக்கும் உதவாது.

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு குடும்பம் அப்போது என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் தரகர் மூலம் கேட்டு அனுப்பினார்கள்: ரத்தத்தில் உள்ள வியாதி என்றால் பொண்ணுக்கும் இருக்குமா? வயதான பிறகு மஜ்ஜைச் செல்லில் ஏறிய அடையாளம் மகளுக்கு வந்து சேராது என்று போனில் பொறுமையாக ஒரு பக்கம் தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, உங்கள் தென்னைக்கு வருகிற வாடல் நோய் மாப்பிள்ளைக்கும் வருமா என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். அதோடு விட்டது.

வைகாசியில் முதல் ஏழு நாள், ஆனியில் இரண்டாவது. காலை ஆறே முக்கால் பஸ்ஸில் அப்பா வருவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் கூட்டிக்கொண்டு போவேன். வயிற்றில் பக்கம் மாற்றிப் பக்கம் போடுவார்கள். குத்திய இடம் சிவந்து தடித்துக்கொள்ளும். இரண்டு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் தட்டணு இறங்கிக்கொண்டே வந்தது. “எப்படி இருக்கு?” என்பார். “பரவால்லப்பா” என்பேன். அப்பாவுக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். போன மாதச் சீட்டையும் இந்த மாதச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஆடி மாதம், மூன்றாவது முறையின் முதல் நாள். பஸ் வந்தது, அப்பா இறங்கவில்லை. போன் செய்தேன்.

“நான் வரல பாப்பா. குறுவைக்கு மேலுரம் போடணும்.”

“அத நாளைக்குப் போடலாம்பா. ஊசிய விடக்கூடாது.”

“ஊசி போதும்னு தோணுது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டேன். “உரக்கடைக்குப் போயிருக்காரு. நேத்தும் போனாரு. உன் ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் பையில எடுத்துக்கிட்டுத்தான் போனாரு” என்றார் அம்மா.

இது எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வயலில் பயிர் மஞ்சளித்தால் ஒரு தூரைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு உரக்கடைக்கு எடுத்துப் போவார்கள். கடைக்காரர் இலையைப் புரட்டுவார், வேரை முகர்வார், மூன்று டப்பாவை எடுத்து வைத்து மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்வார். வேளாண்மை அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கையெழுத்து வாங்கத்தான் போவார்கள். மருந்தா, உரக்கடை. நாற்பது வருடமாகப் பயிரை அந்த மேஜையில் வைத்துக் காட்டிய அப்பா, இப்போது தன் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வெண்ணாற்றுப் பாலத்தில் இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். அப்பா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார், மடியில் மஞ்சள் பை. மருந்து வாங்க வந்த இரண்டு பேர் ஸ்பிரேயர் டேங்கைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டாக்டரம்மா” என்றார் கடைக்காரர்.

“சார், அப்பாவுக்கு ஆஸ்பத்திரில பெட் எடுத்து வச்சிருக்காங்க.”

“இருக்கட்டும், உக்காருங்க. ஒங்கப்பாகிட்ட அதத்தான் சொல்லிட்டிருந்தேன். இது ஜீன்ல வர்ற கோளாறு. ஜீன் தூங்கிடுச்சு. அத எழுப்பணும். எபிஜெனிடிக்ஸ்னு பேரு. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க.”

“கேள்விப்பட்டிருக்கேன்.”

“அந்த ஊசி களைக்கொல்லி மாதிரி. களையும் போவும், பயிரும் கருகும். இது அப்படி இல்ல.” மேஜையில் இருந்த சத்துப் பவுடர் டப்பாவைத் தட்டினார். “காலைல வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன். இதுல மெத்தில் குரூப் இருக்கு.”

“மெத்தில் குரூப்னா என்ன சார்?”

“அது ஒரு குரூப்பு.”

“குரூப் டூவா, குரூப் ஃபோரா மொதலாளி?” என்றார் டேங்க் வைத்திருந்தவர்களில் ஒருவர். “என் மவன் நாலு வருசமா எழுதிட்டிருக்கான்.”

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்.

“அப்பாவுக்கு மெத்தில் ஏறி அடைச்சுக்கிட்டதுதான் பிரச்சினை. அத எடுக்கத்தான் ஊசி போடறோம். நீங்க அதையே ஸ்பூன்ல குடுக்கறீங்க” என்றேன்.

கடைக்காரர் அசரவில்லை. “கூட இருந்தா கொறைக்கும், கொறைஞ்சா கூட்டும். அதான் இதோட சிறப்பு.”

அதற்குப் பிறகு நான் விட்டு வைக்கவில்லை. களைக்கொல்லி அளவுக்குப் போடுகிற மருந்து இல்லை இது, குறைந்த அளவில் செல்லை அதன் வழிக்குத் திருப்புவதற்காகப் போடுவது என்றேன். செல் எப்படிப் பிரிகிறது, எந்த நொதி அடையாளத்தைப் பிரதி எடுக்கிறது, ஊசி மருந்து அந்த நொதியை எப்படிப் பிடித்துக் கட்டிப்போடுகிறது என்று நின்றபடியே பத்து நிமிடம் பேசினேன். பாதி இங்கிலீஷ். அந்தப் பேராசிரியரும் அத்தையும் பட்டுக்கோட்டைக்காரர்களும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு. கடைக்காரர் பல் குத்துவதை நிறுத்தினார். நன்றாகத்தான் இருந்தது.

நான் முடித்ததும் அப்பா கேட்டார். “பாப்பா, யூரியா போட்டா மூணாம் நாள் பச்சை கட்டுது. போடலேன்னா தெரியுது. இது ரெண்டு மாசம் போட்டும் எறங்கிக்கிட்டே போவுது. நான் என்னன்னு நெனைக்கிறது?”

“மொத ரெண்டு மாசம் எறங்கத்தான்பா செய்யும். டாக்டர் அன்னிக்கே சொன்னாங்களே.”

“யாருகிட்ட?”

கடைக்காரர் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடினார்.

“என்கிட்ட.”

“நீ என்கிட்ட சொல்லலையே. புரியாதுன்னு விட்டுட்டியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதுதான் உண்மை. அந்த இரும்பு நாற்காலிகளுக்கு முன்னால் நின்றபோது, இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று துல்லியமாக நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘சிலபஸ்ல இல்லம்மா, உக்காரு’ என்றவருக்கும் எனக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. உரக்கடைக்காரர் சொன்னது அத்தனையும் அபத்தம். ஆனால் அவர் அப்பாவை உட்கார வைத்து, இரண்டு நாள், அரை அரை மணி நேரம் சொன்னார். அப்பாவின் வயல் பாஷையிலேயே சொன்னார். நான் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன், அதில் இரண்டாவது பொய்.

அப்பா எழுந்து பையை எடுத்துக்கொண்டார். டப்பாவை எடுக்கவில்லை. மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இப்ப சொல்லு. தமிழ்ல சொல்லு” என்றார்.

“இப்ப ஒடம்புல ஓடற ரத்தத்த இந்த ஊசி சரி பண்ணாதுப்பா. எலும்புக்குள்ள ஒரு செல்லு ரெண்டாப் பிரியும்போதுதான் மருந்து உள்ள போய் உக்காரும். அதுக்குப் பொறக்கறதுல மூடி கொஞ்சம் கொறையும். அதுக்கும் அடுத்ததுல இன்னும் கொஞ்சம்.”

“அப்ப இந்த மகசூலுக்கு இல்ல. நாத்தங்கால்ல பண்ற வேலை.”

“ஆமாப்பா.”

“கெட்ட நாத்து மொதல்ல அழியும். வயல் கொஞ்ச நாள் வெறிச்சுனு கெடக்கும். அதான் எறங்குதா?”

“அதான்.”

“விதையிலயே கோளாறுன்னான் கடைக்காரன்.”

“எழுத்துலயும் கொஞ்சம் கோளாறு இருக்கலாம்பா. ஆனா பெரும்பாலும் தெறக்க வேண்டியது தெறக்காம நின்னு போனதுதான்.”

“நம்ம மெட்ராஸ்காரரு மாப்பிள்ளைச் சம்பாவக் குறுவைப் பட்டத்துல போட்டாரே, அது மாதிரின்னு சொல்லு.”

பக்கத்து வயல்காரர் அவர். சென்னையில் ஐ.டி. வேலை, போனில் விவசாயம். பாரம்பரிய நெல் என்று வீடியோ பார்த்து, பகல் குறைந்தால்தான் கதிர் விடுகிற நெல்லைக் கோடையில் விதைக்கச் சொன்னார். அது ஐப்பசி வரைக்கும் கதிரே காட்டாமல் மார்பளவு வளர்ந்து, சாய்ந்து, மாட்டுக்குத்தான் ஆனது. அவர் விதை கொடுத்தவனைத் திட்டினார். சாயும் வரை அதைத் தினமும் ஆளை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எங்கோ போட்டுக்கொண்டும் இருந்தார். அப்பா சொன்ன உதாரணம் என் நோட்டில் இருந்த எல்லாவற்றையும்விடச் சரியாக இருந்தது. விதை அதேதான், திறக்க வேண்டியது திறக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதில் எரிச்சலாக இருந்தது.

“ஊசி கேக்காமப் போனா?” என்றார்.

இந்த முறை அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. “எல்லாருக்கும் கேக்காதுப்பா. ஆறு மாசம் போட்டாத்தான் தெரியும்.”

“சரி. இன்னிக்கு மேலுரம் போட்டுடறேன். நாளைக்கு ஆறே முக்காலுக்கு வரேன்.”

வந்தார். ஒரு நாள் தள்ளிப் போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. மூன்றாவது மாதம் எதுவும் ஏறவில்லை. நான்காவது மாதமும் ஏறவில்லை. ரத்தம் ஏற்றினோம். ஒவ்வொரு சீட்டையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் அதை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா அத்தைக்குச் சொன்னார். அத்தை என்னிடமே வந்து, “நாத்தங்கால்ல பண்ற வேலையாம்ல, நீ ஏன் மொதல்லயே வெளங்குற மாதிரி சொல்லல?” என்றார். அத்தையிடம் தோற்பது எனக்குப் பழகிவிட்டது.

புரட்டாசியில், ஐந்தாவது முறை ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் தட்டணு ஏறியிருந்தது. நிறைய இல்லை. அந்த மாதம் ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. நம்பாமல் இன்னொரு சொட்டு வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். குழந்தைச் செல்கள் குறைந்திருந்தன. நன்றாக முற்றிய, மூன்று மடிப்பு உட்கரு உள்ள வெள்ளையணுக்கள் ஒரே வட்டத்துக்குள் நான்கு கிடைத்தன. டாக்டரம்மா அப்பாவையே உள்ளே கூப்பிட்டுச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டபடி தமிழில்.

உரக்கடைக்காரருக்கும் செய்தி போயிருக்கிறது. “ருசி பாக்கக் கடையில குடுத்த ரெண்டு ஸ்பூனே இந்த வேலை செஞ்சிருக்கு பாருங்க” என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் டப்பா வாங்கியிருக்கிறார்கள். ஒருவர், குரூப் ஃபோர் எழுதுகிறவனின் அப்பா.

அன்று ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார். “ஏறிடுச்சுல்ல. அப்ப நிறுத்திடலாமா?”

“இல்லப்பா. கேக்கற வரைக்கும் போடணும். நிறுத்தினா மூடி திரும்ப ஏறிடும்.”

“எத்தனை நாளைக்குக் கேக்கும்?”

“தெரியாதுப்பா. சில பேருக்குக் கொஞ்ச மாசம், சில பேருக்கு வருசக்கணக்கா. அப்புறம் இதுக்குப் பிடிபடாம செல்லு வேற வழி கண்டுபிடிச்சுக்கும். அப்ப வேற மருந்து இருக்கான்னு பாக்கணும்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா இல்லப்பா.”

டீக்கடை முன்னால் நின்றார். இரண்டு டீ சொன்னார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே டம்ளரைக் கையில் வைத்திருந்தேன். சமாளிக்கவில்லை.

“தாளடிக்கு நூத்தி முப்பத்தஞ்சு நாள் நெல்லு சொல்லி வச்சிருக்கேன்” என்றார் பிறகு, குறுவைக்கு அடுத்த போகத்தை நினைத்து. “அது வேணாம். நாள் கொறைஞ்சதாப் போடுவோம். நடவு ஆளு வர்றதும் அறுப்பு மிசின் வர்றதும் ஊசி வாரத்துல மாட்டக்கூடாது. அடுத்தது எப்ப வருது?”

போனில் நாட்காட்டியைத் திறந்தேன். தை வரைக்கும் வருகிற ஊசி வாரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் விரல் மடக்கி, நாற்றுக்கு எத்தனை நாள், நடவிலிருந்து அறுப்புக்கு எத்தனை நாள் என்று எண்ணினார். ஒரு இடத்தில் இடித்தது. விதைப்பை ஐந்து நாள் தள்ளி வைத்து மறுபடி எண்ணினோம்.